பெத்ராலூச்சே பேசித் தேடிய நாள்

ஒக்டோபர் மாதத்து இரண்டாம் வியாழக்கிழமை காலை ஏழு மணிப் பூசையில், சிசிலி மலைகளின் நடுவே ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் பெத்ராலூச்சே என்ற ஊரின் பாதிரியார் தோன் கலோஜெரோ வாய் திறந்து "பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேராலே" என்று தமிழில் சொன்னார், முன்வரிசை வாங்குகளில் இருந்த ஏழு பெண்களும் "ஆமென்" என்றார்கள், ஆமென் எந்தப் பேச்சிலும் ஆமென்தான் என்பதால் பிரசங்கம் வரும்வரை ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிரசங்கம் தொடங்கியதும் இது தங்கள் பேச்சில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் சொன்னதெல்லாம் விளங்கியது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் நன்றாகவே விளங்கியது, ஆகவே யாரும் எழுந்து போகவில்லை.

ஒன்பது மணிக்குள் ஊரில் இருந்த நாற்பத்தொரு பேருக்கும் அது வந்துவிட்டது. கோப்பிக்கடை கொன்செத்தா தொலைக்காட்சியைப் போட்டாள், செய்தி வாசிக்கிற பெண் சொல்வதில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை, நிறுத்தினாள், கடை அமைதியாக இருந்தது, அது நல்லதாகவே பட்டது. ஆட்டுக்காரன் நீனோ பட்டியைத் திறந்து "வா, வா" என்றான், ஆடுகள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றன, பிறகு பசித்ததால் வந்தன. ஒரு மதில் விஷயத்தில் பதினொரு வருடமாகப் பேசாதிருந்த அண்ணன் தம்பி இருவர் தெருவில் எதிர்ப்பட்டார்கள். வழக்கமாக வைத்திருந்த வசவு ஒன்றும் வாயில் வரவில்லை, புதிய பேச்சில் அதற்கு என்ன சொல் என்று இருவருக்கும் தெரியவில்லை, நெடுநேரம் நின்றபின் அண்ணன் "சாப்பிட்டியோ?" என்று கேட்டான், ஏனென்றால் அதுதான் முதலில் வந்தது. ஊர்த்தலைவர் கீழே நகரத்து வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தார், மறுமுனையில் யாரோ எதையோ இரண்டு தடவை கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். ஆபிரிக்காவிலிருந்து வீசுகிற காற்றால் வந்தது என்றார் ஒருவர், ஊற்றுத் தண்ணீர் மாறிவிட்டது என்றார் இன்னொருவர். பத்து மணிக்கு ரொட்டி வெந்த வாசம் வந்தது, எல்லோரும் ரொட்டி வாங்கப் போனார்கள்.

அதே காலை ஏழரை மணிக்கு, ஊருக்கு அறுநூறு மீட்டர் கீழே, ஆற்றுப் பாலத்தடியில், சுகிர்தா தன்னோடு நடக்க வந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாற்பத்துமூன்று வயது. பதினாலு வயதில் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு வடமராட்சியிலிருந்து பலெர்மோவுக்கு வந்தவள், வந்த இடத்தில் வீடுகள் துடைத்தாள், பள்ளிக்கூடம் போனாள், மலைகளைப் பழகினாள், பரீட்சை எழுதி வழிகாட்டி ஆனாள், பலெர்மோக்காரன் ஒருவனைக் கட்டினாள். ஒவ்வொரு வியாழனும் ஆறு பேரை, ஆறுக்கு மேல் ஒருபோதும் இல்லை, எட்டுக் கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதையில் பெத்ராலூச்சேக்கு ஏற்றிக் கூட்டிப்போய், ஊற்றுத் தண்ணீர் குடிக்க வைத்து, கொன்செத்தாவின் கடையில் பாற்கட்டியும் ரொட்டியும் சாப்பிட வைத்து, பின்னேரம் இறக்கிக் கூட்டிவருவாள். அன்றைக்கு தூரினிலிருந்து ஒரு தம்பதி, ஒல்லாந்திலிருந்து பல் வைத்தியர் ஹென்ட்ரிக்கும் அவர் மனைவியும், தனியாக வந்த ஒரு ஜெர்மன்காரி. ஆறாவது ஆள் அவளுடைய அக்கா தவமலர்.

அக்கா வந்து நாலு மாதம். இருபத்தொன்பது வருடத்துக்குப் பிறகு விமான நிலையத்தில் பார்த்தபோது இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள், பிறகு வீட்டுக்கு வந்தார்கள், பிறகு பேச ஒன்றும் இருக்கவில்லை. சாப்பிடு, குளிரோ, உடுப்புக் காயுது, அவ்வளவுதான். சுகிர்தாவின் தமிழ் பதினாலு வயதில் நின்ற தமிழ், அக்காவிடம் இருந்ததெல்லாம் அதற்குப் பிறகு நடந்தவை. நாலாம் மாடி வீட்டைவிட்டு அக்கா வெளியில் இறங்கவில்லை. வாசல் மணி அடித்தால் சமைக்கிற குசினிக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நிற்பாள். தபால்காரர் போனபிறகும் நிற்பாள். ஒருநாள் சுகிர்தா ஏனென்று கேட்டதற்கு, அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "உன்ர அத்தானை வாசல் படலையில நிண்டு பேர் சொல்லித்தான் கூப்பிட்டவை. அவர் ஓமெண்டு போனவர்." அவ்வளவுதான் சொன்னாள். அத்தான் திரும்பி வரவில்லை என்பது சுகிர்தாவுக்கு முன்பே தெரியும்.

"சும்மா நட அக்கா, ஒருத்தரோடயும் கதைக்கத் தேவையில்லை" என்று ஒரு கிழமையாகக் கெஞ்சித்தான் அன்றைக்குக் கூட்டிவந்தாள். சுகிர்தாவின் பழைய மலைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, எல்லோரையும்விட நன்றாக அக்கா நடந்தாள். காட்டு ரோஸ்மேரி மணந்தது, கீழே பள்ளத்தாக்கு முழுவதும் ஒலிவ் மரங்கள் வெள்ளிப் பச்சையாகக் கிடந்தன, வெகுதூரத்தில் கடல் ஒரு கீறலாகத் தெரிந்தது. அக்கா ஒருதரம் நின்று அந்தக் கீறலைப் பார்த்ததையும் சுகிர்தா கண்டாள்.

ஒன்பதரைக்கு, செஸ்நட் கொட்டை காய்க்கிற கஸ்தானியா மரக்காட்டுக்குள் நுழைந்தபோது மேகம் இறங்கியது. மலையில் அது வழமைதான், நெருங்கி நடக்கச் சொல்லிவிட்டு சுகிர்தா முன்னால் போனாள். அக்கா ஒதுங்குவதற்காக ஒரு மரத்துக்குப் பின்னால் போனாள். கடைசியில் வந்த ஹென்ட்ரிக் அவள் முன்னால் போய்விட்டாள் என்று நினைத்தார். காட்டு முடிவில் சுகிர்தா எண்ணினாள். ஐந்து. மறுபடி எண்ணினாள்.

"அக்கா! தவமலரக்கா!"

பதில் இல்லை. அந்தப் பாதைக்கு இடப்பக்கம் நூறு மீட்டரில் ஒரு வெடிப்பு இருக்கிறது, மலை இரண்டாகப் பிளந்த இடம், நீனோவின் ஆடுகள் வருடத்துக்கு இரண்டு அதற்குள் விழும். சுகிர்தா தொண்டை கிழியக் கூப்பிட்டாள். மற்ற ஐந்து பேரும் நல்ல மனுசர், அவர்களும் அந்தப் பேரை வாங்கிக்கொண்டு "தாவா! தாவா!" என்று கூப்பிட்டார்கள், ஹென்ட்ரிக் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினார், ஊன்றி நடக்கிற இரும்புக் கம்புகளால் பாறையில் தட்டினார்கள். முக்கால் மணித்தியாலம் அப்படிப் போனது. பிறகு அவள் ஐந்து பேரையும் இழுத்துக்கொண்டு மேலே ஊருக்கு ஓடினாள்.

ஊற்றடியில் நின்ற கொன்செத்தாவைப் பிடித்து, மூச்சு வாங்க, இத்தாலியனில் எல்லாவற்றையும் கொட்டினாள். கொன்செத்தா அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்தாள்.

"பிள்ளை, நீ கதைக்கிறது எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. ஆறுதலாச் சொல்லு. ஆருக்கு என்ன நடந்தது?"

ஆச்சரியப்பட சுகிர்தாவுக்கு நேரம் இருக்கவில்லை. "அக்காவைக் காணேல்ல" என்றாள். "மேகத்துக்குள்ள. கஸ்தானியாக் காட்டுக்குள்ள."

"ஐயோ" என்றாள் கொன்செத்தா, திரும்பி ஊர் முழுக்கக் கேட்கும்படி ஒரு சத்தம் போட்டாள், ரொட்டி வாங்க நின்றவர்கள் ரொட்டியோடு வந்தார்கள்.

ஊர்த்தலைவரின் மேசைத் தொலைபேசியில் சுகிர்தாவே மலைமீட்பு ஆட்களோடு கதைத்தாள், ஏனென்றால் அந்த மலையும் இத்தாலியனும் இரண்டும் தெரிந்தவள் அப்போது அவள் ஒருத்திதான். இந்த மேகத்தில் ஹெலிகொப்டர் எழும்பாது, நடந்து வர நாலு மணித்தியாலம் ஆகும் என்றார்கள். அதற்குள் ஆண்கள் கயிறும் நாயும் எடுத்துக்கொண்டு ஊற்றடியில் புறப்பட நின்றார்கள்.

"அக்கான்ர பேர் என்ன?" என்று நீனோ கேட்டான். "கூப்பிட்டுக்கொண்டு போவம்."

"தவ..." என்று தொடங்கின சுகிர்தா நின்றுவிட்டாள். படலையில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டவை. விசில், கம்பு தட்டுகிற சத்தம், ஆண் குரல்கள், அக்காவின் பேர். அக்கா தொலையவில்லை, அக்கா ஒளித்திருக்கிறாள், தாங்கள் கூப்பிடக் கூப்பிட அவள் வெடிப்புப் பக்கமாக இறங்கிக்கொண்டிருக்கிறாள்.

அதை அவள் சொல்ல வேண்டியிருந்தது. வாழ்க்கையில் ஒருவருக்கும் சொல்லாததை, தன் கணவனுக்குக்கூட இத்தாலியனில் சொல்ல முடியாததை, ஊற்றடியில் நின்று அந்த ஊர்ச் சனத்துக்குச் சொன்னாள். சொல் தட்டுப்பட்ட இடங்களில் கொன்செத்தா எடுத்துக் கொடுத்தாள். சொல்லி முடிந்ததும், நாய்களை வீட்டில் கட்டிவிட்டு வரும்படி தோன் கலோஜெரோ சொன்னார்.

"குறை நினைக்காதை" என்றான் நீனோ, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. "நான் ஆட்டோட திரியிறவன், எனக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்லுவன். பயந்துபோனதைக் கூப்பிடக் கூடாது. தேடக் கூடாது. பக்கத்தில போய் நிண்டு வேற அலுவல் பாக்கோணும்."

"வேற என்ன அலுவல்?" என்று ஊர்த்தலைவர் கேட்டார்.

"கதைப்பம்" என்றாள் கொன்செத்தா. "நாங்கள் பேந்து என்னத்துக்கு இருக்கிறம்? அவவின்ர ஊரில சனம் சந்தைக்குப் போட்டு வரேக்க எப்பிடிக் கதைச்சுக்கொண்டு வருங்கள், அப்பிடிக் கதைச்சுக்கொண்டு போவம். அவவைப் பற்றி ஒரு சொல் வேண்டாம். ஒருத்தரும் கத்தக் கூடாது."

ஹென்ட்ரிக்கின் விசிலை வாங்கிக் கடையின் மேசை லாச்சிக்குள் வைத்தாள், வெளியூரார் ஐவரையும் அடுப்புக்குப் பக்கத்தில் இருத்தி ரொட்டி வெட்டிக் கொடுத்தாள். பல் வைத்தியர் இதுதான் பழைய சிசிலிப் பேச்சு என்று மனைவிக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். நடக்க முடியாத மூன்று பேர் சன்னலைத் திறந்து வைத்து அங்கிருந்தே பேசுவதாகச் சொன்னார்கள். மற்ற முப்பத்தெட்டுப் பேரும் காட்டுக்குள் இறங்கினார்கள்.

அந்த மத்தியானம் பெத்ராலூச்சேயின் காட்டில், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத வெள்ளை மேகத்துக்குள், இரண்டு பேர் மூன்று பேராகப் பிரிந்து, வேட்டைக்குப் போகிறவர்களைப்போல இல்லாமல் வீட்டுக்குத் திரும்புகிறவர்களைப்போல மெல்ல நடந்து, முப்பத்தெட்டுப் பேர் கதைத்தார்கள்: முழங்கால் நோவைப் பற்றி, மிலானோவுக்குப் போன மகள் கிழமைக்கு ஒருதரம்கூடத் தொலைபேசி எடுக்காததைப் பற்றி, போன வருடத்து மழையையும் இந்த வருடத்து மழையையும் பற்றி, சினைப்பட்ட ஆட்டைப் பற்றி, கல்யாண வீட்டில் இலவசமாகக் குடித்துவிட்டுப் பாட்டுப் பாடின மருமகனைப் பற்றி, பல்லுக் கட்டினால் ரொட்டி கடிக்கலாமா என்பதைப் பற்றி, மதிலுக்காகச் சண்டை பிடித்த அண்ணனும் தம்பியும் அந்த மதிலைப் பற்றியே, அது எந்த வருடம் கட்டினது, கல் எங்கேயிருந்து வந்தது, அப்பா அதில் ஏறி விழுந்து கையை முறித்தாரே நினைவிருக்கோ என்று. குரலெல்லாம் மேகத்துக்குள் தணிவாக, நனைந்து, எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் வந்தது. கண்ணை மூடிக்கொண்டால், அது வடமராட்சியில் கரவெட்டிப் பக்கத்து ஏதோ ஒரு ஒழுங்கையில் காலைச் சந்தை கலைகிற நேரம். சுகிர்தா கண்ணை மூடவில்லை. கொன்செத்தாவுக்குப் பக்கத்தில் நடந்தாள், அவளுக்கு மட்டும் கதை வரவில்லை, கல்லில் காலை வைக்கும்போதெல்லாம் கீழே வெடிப்பு எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு மணி ஆயிற்று. ஒன்றும் இல்லை. ஒன்றரை ஆயிற்று. குரல்கள் கரகரத்தன. கதைக்க இருந்ததெல்லாம் முடிந்து, சிலர் சொன்னதையே மறுபடி சொன்னார்கள். வெடிப்பின் விளிம்புக்கு இருபது மீட்டர் மேலே, ஒரு பெரிய பாறைக்குப் பக்கத்தில், கொன்செத்தாவும் சுகிர்தாவும் பாதிரியாரோடு சேர்ந்தார்கள். மூவரும் களைத்து நின்றார்கள். பேச்சு அறுந்துபோகக் கூடாதே என்று தோன் கலோஜெரோ வாயில் வந்ததைச் சொன்னார்.

"எனக்கு ஒரு பிரச்சினை கொன்செத்தா. ஆருக்கும் சொல்லேல்ல. நான் தனியச் சமைக்கிறனான். கத்தரிக்காயை வெட்டித் தாச்சியில போட்டுப் பொரிக்கிறன். கைக்குது. ஒவ்வொரு நாளும் ஒரே கசப்பு. பதினெட்டு வருசமா."

"பதினெட்டு வருசமாவோ!"

"ஓம். ஆண்டவர் தந்த சோதினை எண்டு நினைச்சுச் சாப்பிடுறனான்."

கொன்செத்தா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்கு முன்னமே பாறைக்குக் கீழிருந்து ஒரு குரல் வந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து இனி ஏலாது என்கிற குரல்.

"வெட்டின உடன பொரிச்சாக் கைக்காம என்ன செய்யும்? உப்புத் தண்ணியில அரை மணித்தியாலம் போட்டு வைச்சுப் பிழிஞ்செல்லோ போடோணும்."

சுகிர்தா பாய்ந்து போகப் பார்த்தாள். கொன்செத்தா அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். தோன் கலோஜெரோ நல்ல மனுசன், பேச்சை விடவில்லை.

"எவ்வளவு உப்பு?"

"ஒரு பிடி" என்றது குரல். கொஞ்சம் பொறுத்து, "உங்கட கை என்ன அளவு எண்டு எனக்குத் தெரியாது" என்றது.

"வந்து பாருங்கோவன்" என்றார் பாதிரியார், பாறைக்குமேலால் கையை நீட்டினார்.

பாறையின் அடிப்பக்கத்திலிருந்து, முழங்காலும் சேலையும் மண்ணாக, தலையில் கஸ்தானியா இலை ஒட்டிக்கொண்டிருக்க, அக்கா ஏறி வந்தாள். வந்து, அந்த நீட்டிய கையை முன்னும் பின்னும் பார்த்தாள். "உது பெரிய கை. அரைப் பிடி போதும்" என்றாள். பிறகுதான் தங்கையைக் கண்டாள்.

"சுகி! உன்னை விட்டிட்டினமோ?"

"ஆரக்கா?"

"விசில் கேட்டுது. பேந்து என்ர பேர். பேந்து உன்ர குரலும் கேட்டுது. உன்னையும் பிடிச்சு, உன்னைக் கொண்டுதான் கூப்பிடுவிக்கினம் எண்டு நினைச்சன்." அவள் சுகிர்தாவின் முகத்தை, தோளை, கைகளைத் தடவித் தடவிப் பார்த்தாள். "உனக்கு ஒண்டுமில்லையே? உனக்கு ஒண்டுமில்லையே?"

"எனக்கு ஒண்டுமில்லையக்கா" என்று சுகிர்தா சொன்னாள், சொல்லிவிட்டு ஈரக் கல்லில் குந்தி ஓவென்று அழுதாள், நாலு மாதத்துக்கும் சேர்த்து, இருபத்தொன்பது வருடத்துக்கும் சேர்த்து. அக்கா பக்கத்தில் இருந்து முதுகைத் தடவினாள். கொன்செத்தா மேகத்துக்குள் திரும்பி, காட்டுக்கு வந்தபிறகு முதல் தடவையாகச் சத்தம் போட்டாள்: "சாப்பிடப் போவம் வாங்கோ!" காட்டுக்குள் ஒவ்வொரு பக்கமாகச் சிரிப்புக் கேட்டது.

கடையில் அக்கா எல்லோருக்கும் நடுவில் இருந்து இரண்டு கோப்பை பருப்புச் சூப் குடித்தாள். தேத்தண்ணி கேட்டாள், இல்லையென்றார்கள், இருந்தால் நல்லது என்றாள், எழுதி வைத்துக்கொண்டார்கள். ஆட்டுக்கு வயிறு ஊதினால் என்ன கொடுக்கிறது என்று நீனோ கேட்டதற்குப் பதில் சொன்னாள். இந்த ஊர்ச் சனம் எல்லாம் தமிழ் கதைக்குதே என்று அவள் கேட்கவில்லை, கதைக்காத சனத்தோடு நாலு மாதம் இருந்ததுதான் அவளுக்குப் புதினமாக இருந்தது. மலைமீட்பு ஆட்கள் மூன்று மணிக்கு வந்து சேர்ந்து, ஆள் பிழைத்தது போதும் என்று ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஊரார் எல்லோரும் ஏன் தங்களோடு கையால் பேசினார்கள் என்று அவர்கள் கேட்கவில்லை, அவ்வளவு பசி.

அந்தப் பேச்சு பெத்ராலூச்சேயில் ஒன்பது நாள் இருந்தது. அடுத்த வியாழன் சுகிர்தா அக்காவையும் இரண்டு பைக்கற் தேயிலையையும் கூட்டிக்கொண்டு ஏறினாள், கீழிருந்து வருகிற தபால்காரருக்காக ஊர்த்தலைவரின் கதவில் ஒரு குறிப்பு எழுதி ஒட்டினாள், ஊர்த்தலைவருக்கு வந்த ஏழு கடிதங்களை வாசித்துச் சொல்லிப் பதில் எழுதிக் கொடுத்தாள். சனிக்கிழமை காலை ஆடுகள்தான் முதலில் கண்டுபிடித்தன. நீனோ பழைய சொல்லில் கூப்பிட்டான், அவை நிற்காமல் வந்தன. மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் இத்தாலியன் திரும்பிவிட்டது, திரும்பினதில் ஒருவருக்கும் கவலையில்லை, நல்ல விருந்தாளி போன மறுநாள் வீட்டைக் கூட்டுகிறதைப்போல இருந்தது என்று கொன்செத்தா சொன்னாள். அண்ணனும் தம்பியும் இத்தாலியனில் மறுபடி சண்டை பிடித்தார்கள், ஆனால் இப்போது பந்தயக் குதிரையைப் பற்றி. தோன் கலோஜெரோ கத்தரிக்காயை உப்புத் தண்ணீரில் போட்டுத்தான் பொரிக்கிறார்.

அதெல்லாம் பிறகு. அந்த வியாழக்கிழமை மூன்றேகாலுக்கு மேகம் விலகியது. ஊர் முழுவதும் ஊர்க்கோடி மதிலடிவரை வந்து வழியனுப்ப, ஏழு பேரும் இறங்கினார்கள். வெயில் சாய்ந்து பள்ளத்தாக்கு மஞ்சளாகக் கிடந்தது. வெளியூரார் ஐவரும் களைத்துப் பின்னால் நடந்தார்கள். அக்கா முன்னால் சுகிர்தாவோடு நடந்தாள், பேசிக்கொண்டே நடந்தாள், அத்தானைப் பற்றி, அவர் போன காலையில் போட்டிருந்த நீலச் சட்டையைப் பற்றி, அதற்குப் பிறகு மாறி மாறி இருந்த இடங்களைப் பற்றி. சுகிர்தா ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். இரண்டாவது வளைவில் அக்கா நின்றாள்.

"என்ர கதையைக் கேட்டது போதும். நீ என்னெண்டு இருந்தனி சுகி? பதினாலு வயசுப் பிள்ளை. இஞ்ச. தனிய."

சுகிர்தாவை அப்படி ஒருவரும் கேட்டதில்லை. தப்பிப் போனவளிடம் கேட்க என்ன இருக்கிறது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள், அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். முதலில் ஒன்றுமில்லை என்றாள். அக்கா நடக்கவில்லை, நின்றபடியே இருந்தாள். பிறகு சுகிர்தா, மாமா வேலைக்குப் போன முதல் நாள் பூட்டின வீட்டுக்குள் தான் எந்தக் கதிரையில் குந்தியிருந்தாள் என்பதிலிருந்து தொடங்கினாள். தமிழ் முறிந்தது, பிழை பிழையாக வந்தது, எண்களெல்லாம் இத்தாலியனில் வந்தன. அக்கா திருத்தவில்லை. சொல் கிடைக்காத இடத்தில் மட்டும் ஒரு சொல்லை மெல்ல எடுத்துக் கொடுத்தாள்.

பாலத்தடிக்கு வந்தபோது ஐந்தரை. மற்றவர்கள் பூட்டியிருந்த வான் வண்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள், அதன் சாவி சுகிர்தாவிடம் இருந்தது. அவளுடைய கதை அப்போதுதான் பதினேழாம் வயதுக்கு வந்திருந்தது. அக்கா பாலத்துக் கட்டுச்சுவரில் இருந்துகொண்டு சப்பாத்தைக் கழற்றினாள்.

"அவையளை உள்ளுக்க இருத்திப்போட்டு வா" என்றாள். "பதினேழு வயசில என்ன நடந்தது?"